கோட்டிக்யூல் கல்லில் சவரக்கத்தி தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு எஃகுச் சவரக்கத்திக்கு மாறிய நண்பர்கள் சில மாதங்களில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். கத்தி மழுங்கிவிட்டது, எந்தக் கல் வாங்குவது, வாங்கிய கல்லில் ஏன் கூர் வரவில்லை என்று கேட்பார்கள். தொலைபேசியிலும் நேரிலும் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது பெல்ஜியத்தின் கோட்டிக்யூல் கல். அதனால் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எங்க ஊர் சலூன்ல மடக்குக் கத்தி வச்சிருக்காங்களே, அதுக்கு இந்தக் கல் வேணுமா?

வேண்டாம். சலூனில் இப்போது இருப்பது பிளேடு மாற்றும் கத்தி. பாதி பிளேடை உள்ளே செருகி, ஒருவருக்குச் சவரம் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் பற்றிய எச்சரிக்கை வந்த பிறகு இது வழக்கமானது. பொது இடத்துக்கு அதுதான் சரி.

இங்கே நாம் பேசுவது அலகு முழுவதும் ஒரே எஃகாக இருக்கும் பழைய வகைக் கத்தி. நம் ஊர் முடிதிருத்துநர்கள் முன்பு கல்லில் தீட்டித் தோல் வாரில் தேய்த்துப் பயன்படுத்தியது அதைத்தான். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள். ஒழுங்காகப் பராமரித்தால் பேரன் காலம் வரை வரும்.

ஃபினிஷிங் கல்னா என்ன? ஒரு கல் போதாதா?

தீட்டுவதில் படிகள் உண்டு. கிரிட் என்பது கல்லின் நயத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நயம் கூடும். முதலில் 1000 கிரிட் அளவுள்ள கல்லில் பெவல் அமைக்க வேண்டும். கத்தியின் வாயோரம் இரண்டு பக்கமும் பளபளவென்று ஒரு சிறு சரிவு தெரியும் இல்லையா, அதுதான் பெவல். இரண்டு சரிவும் நடுவில் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அடுத்து 3000 முதல் 8000 வரையுள்ள கற்களில், முதல் கல் போட்ட கீறல்களைத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். கடைசியாகத் தோலில் சுகமாக ஓடும் அளவுக்கு வாயை நயமாக்குவது ஃபினிஷிங் கல்.

ஏற்கெனவே கூராக இருக்கும் கத்தியை நயமாக்கத்தான் இந்தக் கல். மழுங்கிய கத்தியைக் கூராக்க அல்ல. என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருபவை.

செயற்கைக் கல் மலிவா கிடைக்குதே, இயற்கைக் கல் எதுக்கு?

தேவை என்று சொல்ல மாட்டேன். நல்ல 12000 கிரிட் செயற்கைக் கல்லில் அருமையான கூர் வரும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் வித்தியாசம் இருக்காது. சொல்லிக் கொடுப்பதும் எளிது.

இருந்தும் நான் கோட்டிக்யூலை விடாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அதில் தீட்டிய வாய் முகத்தில் மென்மையாக இருக்கிறது. சவரம் முடித்துத் தண்ணீர் தெளித்தால் எரிச்சல் குறைவு. இன்னொன்று, ஒரே கல்லை வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்ய வைக்கலாம். நான்கு கல்லில் செய்யும் வேலையை ஒரு கல்லில், தண்ணீரின் அளவை மாற்றியே செய்துவிடலாம். எப்படி என்று கீழே வருகிறது.

இந்தக் கல் எங்கிருந்து வருது, அதுல அப்படி என்ன இருக்கு?

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சால்ம், லியெர்னோ என்ற ஊர்களைச் சுற்றித்தான் கிடைக்கிறது. ஊதா கலந்த நீலப் பாறைக்குள் சந்தன நிறத்தில் மெல்லிய பட்டைகளாக ஓடும். சில பட்டைகள் சில சென்டிமீட்டர் தடிமன்தான் இருக்கும். இந்தப் பாறைகள் ஏறக்குறைய 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணிலிருந்து உருவானவை. ஒரு காலத்தில் சுரங்கம் தோண்டி எடுத்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சவரக் கடைகளுக்கு இங்கிருந்து கல் போனது. சால்ம்ஷாட்டோவில் இந்தக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்போது வெட்டியெடுப்பது ஆர்டென் கோட்டிக்யூல் என்ற சிறு நிறுவனம்.

உள்ளே இருப்பது கார்னெட் மணிகள். நவரத்தினத்தில் சேர்க்கும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். கோட்டிக்யூலில் இருப்பது மாங்கனீசு கலந்த ஸ்பெசார்டீன் என்ற வகை. ஒரு மணி சுமார் 5 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும், கல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மணிகளே. மீதி, அபிரகம் போன்ற மென்மையான தாதுக்கள். அவை மணிகளைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அளவை மட்டும் பார்த்தால் 10 மைக்ரான் என்பது சவரக்கத்திக்கு மிகவும் பெரிது. ஆனால் மணியின் வடிவத்தைப் பாருங்கள். பன்னிரண்டு முகம் கொண்டு, கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். கூர்முனையால் எஃகில் பள்ளம் பறிப்பதில்லை, முகங்கள் கூடும் மழுங்கிய மூலைகளால் மேலாக வழிக்கிறது. அதனால்தான் கீறலின் ஆழம் மிகக் குறைவு. எனக்கு இந்தக் கல்லின் மேல் பிடித்தம் வந்ததே இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

அப்போ இது எத்தனை கிரிட்?

மேலே சொன்ன காரணத்தால் இதற்கு நேரான பதில் இல்லை. சந்தன நிறப் பட்டையை மஞ்சள் கல் என்றும், அதைச் சுற்றியுள்ள பாறையை நீலக் கல் என்றும் சொல்வோம். மஞ்சள் கல்லை 8000 என்றும், நீலக் கல்லை 4000 என்றும் சொல்லி விற்கிறார்கள். அதை ஒரு குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பால் நிறைய இருந்தால் 2000, 3000 கிரிட் கல்லைப் போல அறுக்கும். வெறும் தண்ணீரில் 8000 கல்லைத் தாண்டிய நயம் வரும்.

பால்னு சொல்றீங்களே, அது என்ன?

சந்தனக்கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை உரைத்தால் குழம்பு வருமே, அது மாதிரிதான். கோட்டிக்யூல் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டால் தேய்த்தால் வெள்ளையாகப் பால் போல ஒரு குழம்பு கிளம்பும். ஸ்லரி என்பார்கள், நான் பால் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். கல்லிலிருந்து கழன்ற கார்னெட் மணிகள் அதில் மிதக்கின்றன. அவை உருண்டு அறுப்பதால் வேலை வேகமாக நடக்கும். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க மணிகள் விலகிப் போகும், வேகம் குறையும், நயம் கூடும்.

ஜப்பான் கல், எஷர், ஆர்க்கன்சா எல்லாம் இருக்கே. எது பெஸ்ட்?

எஷர் என்பது ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், சோன்னெபெர்க் ஊரில் இருந்த எஷர் நிறுவனம் விற்ற நயமான பலகைக்கல். இன்று பழைய கல்தான் கிடைக்கும், விலை அதிகம். ஆர்க்கன்சா கல் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்து நொவாகுலைட், ஏறக்குறைய முழுவதும் சிலிகா. கடினமானது, மெதுவானது, பால் விடாது. மேற்பரப்பை எவ்வளவு வழுவழுப்பாக வைக்கிறீர்களோ அவ்வளவு நயம். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைத்தவை புகழ்பெற்றவை. நகுரா என்ற சிறு கல்லால் பால் எழுப்பித் தீட்டுவார்கள். அதில் வரும் கூர் பிரமாதமாக இருக்கும், ஆனால் கல்லுக்குக் கல் குணம் மாறும், புதிதாக வாங்குபவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

நான்கிலும் நல்ல சவரம் கிடைக்கும். ஒன்றை வாங்கி, ஒரு வருடம் அதிலேயே இருங்கள். கல் மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு எந்தக் கல்லும் பிடிபடுவதில்லை.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? சின்னக் கல் போதுமா?

போதும். செவ்வகமாக வெட்டிய கல்லுக்கு விலை கூடுதல். வெட்டியது போக மிஞ்சும் ஒழுங்கற்ற துண்டை பூ என்று விற்கிறார்கள், அது பிரெஞ்சுச் சொல். விலை நன்றாகக் குறையும், கல் அதே கல்தான். 40 மில்லிமீட்டர் அகலமும் 120, 130 மில்லிமீட்டர் நீளமும் இருந்தால் தாராளம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கறை, கோடு இல்லாததை செலக்ட் என்றும் மற்றதை ஸ்டாண்டர்ட் என்றும் பிரிப்பார்கள். அந்தக் கோடுகளில் பல வெறும் அழகுக் குறைதான், கூருக்கும் அதற்கும் தொடர்பில்லை. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துத் தட்டினால் மட்டும் யோசியுங்கள். லா வெனெத், லா க்ரோஸ் ப்ளான்ஷ், லா திரெசாந்த் என்று பட்டைகளின் பெயர் சொல்லியும் விற்பார்கள். முதல் கல்லுக்கு அந்தப் பெயரைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

புதுக் கல்லை ஊற வைக்கணுமா?

தேவையில்லை. கோட்டிக்யூல் தண்ணீரை உறிஞ்சாது. மேலே கொஞ்சம் தெளித்தால் போதும். ஊறப்போட்டால், அடியில் பலகைக்கல் ஒட்டிய கல்லின் பசைதான் வீணாகும்.

செய்ய வேண்டிய வேலை சமன்படுத்துவது. தடிமனான கண்ணாடி மேல் நீர்க்காகிதம், அதாவது பெயின்ட் கடையில் கிடைக்கும் கறுப்பு உப்புத்தாள், 220 ஒட்டிக்கொள்ளுங்கள். கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டு, கட்டம் முழுக்க மறையும் வரை தேய்த்து, பிறகு 600 தாளில் முடியுங்கள். கல்லின் நான்கு விளிம்பையும் லேசாக உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தி வாய் அங்கே இடறும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. கல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

பெவல் சரியா அமைஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மூன்று சோதனை செய்வேன். விளக்குக்குக் கீழே வாயை நேராக மேல் நோக்கிப் பிடித்தால் எங்கும் வெள்ளைப் புள்ளி மின்னக் கூடாது. மின்னும் இடம் மழுங்கல். அடுத்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் கல்லின் கீறல்கள் வாயின் ஓரம் வரை போயிருக்க வேண்டும். கடைசியாக, முன்கை முடியைத் தோலை ஒட்டி வழித்தால் நுனி, நடு, பிடிப்பக்கம் மூன்றிலும் ஒரே மாதிரி வழிக்க வேண்டும்.

நான் முதலில் வாங்கிய கத்தியை, வந்ததும் சவரம் செய்யலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்பினேன். மூன்று மாதம் கோட்டிக்யூலில் விதவிதமாகத் தீட்டினேன், கழுத்தில் ஒவ்வொரு முறையும் இழுத்தது. கல்தான் மோசம் என்று முடிவு கட்டி விற்கப் போனேன். பிறகுதான் லூப் வாங்கிப் பார்த்தேன். பிடிப்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரு சரிவும் சந்திக்கவே இல்லை. 1000 கல்லில் அரை மணி நேர வேலை. அன்றைய சவரம் இன்றும் நினைவிருக்கிறது.

கோட்டிக்யூல்ல தீட்டுற முறையை முழுசா சொல்லுங்க.

பெவல் அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கறந்த பால் போலக் கெட்டியாக வேண்டாம், நீர்மோர் பதத்தில் பால் எழுப்புங்கள். கத்தியைக் கல் மேல் தட்டையாக வையுங்கள். முதுகும் வாயும் இரண்டும் கல்லைத் தொட வேண்டும். முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது, நீங்கள் கோணம் பிடிக்க வேண்டியதில்லை. வாய் முன்னே செல்லும்படி தள்ளி, கல்லின் முனையில் முதுகின் மேலேயே திருப்பி, மறுபக்கம் கொண்டு வாருங்கள். கல் கத்தியைவிடக் குறுகலாக இருப்பதால், பிடிப்பக்கத்தில் தொடங்கி நுனியில் முடியும்படி சாய்வாகப் போக வேண்டும்.

முதல் பாலில் பக்கத்துக்கு 30 தள்ளல். பிறகு விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு இரண்டு சொட்டு விடுங்கள், மறுபடி 20 தள்ளல். மறுபடி இரண்டு சொட்டு. இப்படி எட்டு, பத்து முறை. அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் நடுப்படிகளைத் தாண்டிவிடுவீர்கள், கூர் பாதியில் நிற்கும். பால் மெலிய மெலிய உங்கள் கையின் அழுத்தமும் குறைய வேண்டும். முடிவில் கத்தியின் எடை மட்டும்தான். டைலுகாட் என்று இந்த முறைக்குப் பெயர்.

கடைசியில் கல்லையும் கத்தியையும் நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரில் 50, 60 தள்ளல். ஒரு அடையாளம் சொல்கிறேன். வாய் நயமாகி வரும்போது, முன்னால் தள்ளப்பட்ட தண்ணீர் அலகின் மேல் ஏறி வழியும். கல்லோடு கத்தி ஒட்டிக்கொண்டது போல லேசான இழுவையும் கையில் தெரியும். எண்ணிக்கையைவிட நான் நம்புவது இந்த இரண்டையும்தான்.

பால்ல நல்லா தீட்டுறேன், ஆனா ஒரு கட்டத்துக்கு மேல கூர் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

பாலில் மிதக்கும் மணிகள் பெவலை அறுப்பதோடு, முன்னே வரும் வாயின் மேலும் மோதுகின்றன. அதனால் கெட்டிப் பாலில் எத்தனை நேரம் தேய்த்தாலும் கூருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தண்ணீர் சேர்த்து அதை மெல்ல மேலே தள்ளுவதுதான் முந்தைய பதிலில் சொன்ன முறையின் உயிர்.

மெலிந்த பாலிலும் ஏறவில்லை என்றால் பெவல் சோதனைக்குத் திரும்புங்கள். வெறும் தண்ணீரில் மணிக்கணக்காகத் தேய்த்து அந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. தண்ணீரில் கோட்டிக்யூல் அவ்வளவு மெதுவானது.

முதுகுல டேப் ஒட்டலாமா?

ஒட்டலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால் முதுகு தேயாது, கோணம் ஏறக்குறைய 1 டிகிரி கூடும். அழகு வேலைப்பாடுள்ள முதுகு என்றால் கட்டாயம் ஒட்டுங்கள்.

தொடக்கக்காரருக்கு டேப்பை வைத்தே ஒரு வழி இருக்கிறது. டேப் இல்லாமல் பாலில் தீட்டி முடித்துவிட்டு, டேப் ஒட்டி, மெலிந்த பாலில் 30, தண்ணீரில் 50 தள்ளல். வாயின் நுனியில் மட்டும் மிகச் சிறிய இரண்டாவது சரிவு உருவாகும். இதை யூனிகாட் என்கிறார்கள். டைலுகாட்டைவிட எளிது, முதல் முயற்சியிலேயே பலன் தரும். ஒரே நிபந்தனை, அடுத்த முறையும் டேப் ஒட்டியே தீட்ட வேண்டும்.

முடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்குறாங்களே, என் கத்தி வெட்டலை.

தலைமுடிக்கு முடி தடிமன் மாறும், எண்ணெய் தேய்த்த முடி வழுக்கும், வேர்ப்பக்கம் பிடித்தோமா நுனிப்பக்கம் பிடித்தோமா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். உங்கள் முடியை உங்கள் கத்தியில் பலமுறை பார்த்தால் ஒப்பிட உதவும், அவ்வளவே. கோட்டிக்யூல் வாய் இந்தச் சோதனையில் சுமாராகத் தேறினாலும் முகத்தில் அருமையாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை போட்டுக் கன்னத்தில் வழித்துப் பாருங்கள். தீர்ப்பு அங்கேதான்.

கூரா இருக்கு, ஆனா முகம் எரியுது.

முதலில் கையைச் சந்தேகப்படுங்கள். கத்தியை 30 டிகிரி சாய்வில், அழுத்தாமல் பிடிக்க வேண்டும். புதியவர்கள் இதைவிட நிமிர்த்திப் பிடித்துத் தோலைச் சுரண்டுகிறார்கள். கை சரி என்றால் லூப்பில் வாயைப் பாருங்கள். நுண்ணிய பற்கள் தெரிந்தால் முந்தைய கல்லின் கீறல்கள் போகவில்லை என்று பொருள். பால் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தோல் வார் எவ்வளவு தேய்க்கணும்?

கல்லிலிருந்து எடுத்ததும் வாரின் துணிப்பக்கத்தில் 60, தோல்பக்கத்தில் 60. தினமும் சவரத்துக்கு முன் தோலில் 40. வாய் பின்னே வர, முதுகு முன்னே செல்ல வேண்டும், கல்லில் செய்ததற்கு நேர் எதிர். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டாமல் வாயைத் தூக்கினால் வாரும் கிழியும், கூரும் போகும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை கல்லுக்குப் போகணும்?

நாள் கணக்கு சரிவராது. தாடியின் முரடு, வார் பிடிக்கும் பழக்கம் இரண்டையும் பொறுத்தது. மோவாய்ப் பக்கம் இழுக்க ஆரம்பித்தால் வெறும் தண்ணீரில் 40, 50 தள்ளல் போட்டு வாரில் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் போதும். அதிலும் சரியாகவில்லை என்றால்தான் பால். 1000 கல், கத்தியின் வாயில் சில்லு பெயர்ந்தால் மட்டுமே.

ஸ்டெயின்லெஸ் கத்திக்கும் இந்தக் கல் ஆகுமா?

ஆகும், ஆனால் பொறுமை வேண்டும். பால் படியில் கார்பன் எஃகைவிட நேரம் பிடிக்கும். நான் அவற்றைச் செயற்கைக் கல்லில் 8000 வரை கொண்டுபோய், மெலிந்த பாலும் தண்ணீரும் மட்டும் கோட்டிக்யூலில் செய்கிறேன்.

தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை வராது போனால் நம் சமையலறை ஓடாது, அது வேறு வேலை. சவரக்கத்தியின் வாய்ப்பக்கம் குழிவாக இழைத்து மெலிதாக்கப்பட்டது. சுழலும் சக்கரத்தில் பட்ட சில நொடிகளில் அந்த மெல்லிய எஃகு சூடேறிப் பதம் இழந்துவிடும். ஒருமுறை நீலம் பாய்ந்த வாயை எந்தக் கல்லும் மீட்காது, அந்தப் பகுதியையே தேய்த்து எடுக்க வேண்டும்.

தாத்தாவோட கத்திப் பெட்டில ஒரு கல்லும் இருந்துச்சு. அது கோட்டிக்யூலா?

பக்கவாட்டில் பாருங்கள். மேலே சந்தன நிறம், கீழே ஊதா நீலம் என்று இரண்டு அடுக்கு இருந்தால் வாய்ப்பு உண்டு. பழைய கல்லில் எண்ணெயும் எஃகுத் தூளும் ஏறி இரண்டு பக்கமும் கறுத்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, நீர்க்காகிதத்தில் ஈரமாகத் தேய்த்தால் நிறம் வெளியே வரும். மஞ்சள் பக்கத்தில் பால் வெள்ளையாகவும், நீலப் பக்கத்தில் மங்கிய ஊதாவாகவும் கிளம்பினால் அனேகமாக அதுதான்.

சின்னதாக, ஒரே நிறமாக, ஓர் அடுக்குக்கூட இல்லாமல் இருந்தால் அது அந்தக் காலத்துச் செயற்கைக் கல்லாக இருக்கலாம். அதையும் எறிய வேண்டாம், சமன்படுத்தி ஒரு கத்தியில் தீட்டிப் பாருங்கள். இரண்டு அடுக்கும் ஒட்டிய இடத்தில் விலகியிருந்தால், நன்றாகக் காய வைத்து, எபாக்சி பசை தடவி, ஒரு நாள் பாரம் ஏற்றி வையுங்கள். மஞ்சள் அடுக்கு 3 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலே போதும். சவரக்கத்தி கல்லை அவ்வளவு மெதுவாகத்தான் தின்னும்.